ரெனே ஓபெர்ஜோன்வாவின் நடிப்பு வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அமெரிக்கத் தொடர்களைத் தேடிப் பார்க்கும் நண்பர்கள் ஒருவர் பின் ஒருவராக என்னிடம் ஒரே நடிகரைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். ஒருவர் அவரை விண்வெளி நிலையத்தின் காவல் அதிகாரியாக அறிந்திருந்தார். இன்னொருவருக்கு அவர் ஆளுநர் மாளிகையில் மூக்கை உயர்த்திக்கொண்டு நடந்த அதிகாரி. மூன்றாமவரின் குழந்தைகளுக்கு அவர் நண்டைத் துரத்தும் சமையல்காரரின் குரல். மூவரும் ஒரே ஆள் என்று சொன்னபோது நம்ப மறுத்தார்கள். அப்படிக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே, எளியவற்றை முன்னும் சிக்கலானவற்றைப் பின்னுமாக இங்கே தொகுத்திருக்கிறேன்.

யார் இந்த ரெனே ஓபெர்ஜோன்வா? இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

1940 ஜூன் 1 அன்று நியூயார்க்கில் பிறந்து, 2019 டிசம்பர் 8 அன்று லாஸ் ஏஞ்சலஸில் நுரையீரல் புற்றுநோயால் தமது 79ஆம் வயதில் காலமான அமெரிக்க நடிகர். தொலைக்காட்சியில் ‘பென்சன்’ (1980 முதல் 1986 வரை), ‘ஸ்டார் டிரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ (1993 முதல் 1999 வரை), ‘பாஸ்டன் லீகல்’ (2004 முதல் 2008 வரை) ஆகிய மூன்று தொடர்களால் வீடுதோறும் அறியப்பட்டவர்.

இரண்டு வரி முடிந்துவிட்டது. ஆனால் அதில் முக்கியமானது விடுபட்டுவிட்டது. இந்த மூன்று தொடர்களுக்கு முன்னும் இடையிலும் அவர் மேடை நாடக நடிகராகவே இருந்தார். தொலைக்காட்சியில் அவர் செய்தவற்றில் பெரும்பகுதியை மேடையை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும் என்பது என் கருத்து. கீழே வரும் பதில்கள் பலவும் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்பதற்கு அதுதான் காரணம்.

பெயரை எப்படித்தான் சொல்வது? அவர் பிரெஞ்சுக்காரரா?

பெயரின் இறுதி எழுத்தை உச்சரிக்கக் கூடாது; ‘ஓ-பெர்-ஜோன்-வா’ என்று நான்கு அசையாகச் சொன்னால் போதும். மூன்றாம் அசையில் வரும் ‘ஜ’ பிரெஞ்சு மொழிக்குரிய மென்மையான ஒலி. தமிழ் எழுத்தில் அதை முழுதாகப் பிடிக்க இயலாது.

அவர் அமெரிக்கர். தந்தை ஃபெர்னாண்ட் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். அமெரிக்க நாளிதழ்களுக்கு அயல்நாட்டுச் செய்தியாளராகப் பணியாற்றியவர். தந்தைவழிப் பாட்டனாரின் பெயரும் ரெனே ஓபெர்ஜோன்வாதான். அவர் சுவிட்சர்லாந்தின் பெயர்பெற்ற ஓவியர். இணையத்தில் தேடும்போது நடிகருக்குப் பதிலாக ஓவியங்கள் வந்து நிற்பதற்கு இதுவே காரணம். ஸ்ட்ராவின்ஸ்கி இசையமைத்த ‘ஒரு படைவீரனின் கதை’ 1918இல் லோசான் நகரில் முதன்முதலாக அரங்கேறியபோது அதற்கு மேடைக் காட்சிகளைத் தீட்டியவர் இந்தப் பாட்டனார். மேடையோடு அந்தக் குடும்பத்துக்கு இருந்த உறவு பேரனிடம் தொடங்கியதன்று.

நெப்போலியனுக்கு உறவினர் என்று படித்தேன். கதை விடுகிறார்களா?

கதையல்ல. அவருடைய தாயார் மூரா குடும்பத்தைச் சேர்ந்தவர். நெப்போலியனின் தங்கை கரோலினும் அவரை மணந்து நேப்பிள்ஸின் அரசராக அமர்த்தப்பட்ட படைத்தளபதி ஜோக்கிம் மூராவும் அக்குடும்பத்தின் முன்னோர். அரச வம்சத்தில் வந்தவர் பிற்காலத்தில் வாளிக்குள் உறங்கும் வேற்றுக்கோள்வாசி வேடத்தால் புகழ்பெற்றார் என்பதை அவருடைய ரசிகர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

குணச்சித்திர நடிகர் என்றால் துணை நடிகர்தானே? ஏன் பெரிதாகச் சொல்ல வேண்டும்?

நம் வழக்கில் குணச்சித்திரம் என்றால் பெரும்பாலும் உருக்கமான தந்தை, நேர்மையான ஆசிரியர், நல்ல அண்ணன் போன்ற வேடங்களே நினைவுக்கு வரும். அமெரிக்க வழக்கில் அச்சொல்லின் எல்லை அகலம். கோமாளி, வில்லன், கிறுக்கர், பாதிரியார், நீதிபதி என எதுவாக இருந்தாலும், தன் சொந்த முகத்தையும் ஈர்ப்பையும் மூலதனமாக வைக்காமல் ஒவ்வொரு முறையும் வேறொரு மனிதராக மாறுவதைத் தொழிலாகக் கொண்டவரையே அங்கே குணச்சித்திர நடிகர் என்பார்கள். கதாநாயகராக முயன்று தோற்றவர் வந்து சேரும் இடம் என்று அதை எண்ணிவிடக் கூடாது. ஓபெர்ஜோன்வாவைப் போன்றோர் தொடக்கத்திலிருந்தே அதற்காகவே பயிற்சி பெற்றவர்கள்.

தொழில்முறையாகப் பார்த்தால் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடிகர்களுக்கு மூன்று நிலைகள் உண்டு. ஒப்பந்தப்படி சீசன் முழுவதும் இருப்பவர் நிரந்தர நடிகர். கதை கேட்கும்போது மட்டும் திரும்பத் திரும்ப வருபவர் இரண்டாவது வகை. ஓர் அத்தியாயத்துக்கு வந்து போகிறவர் சிறப்பு விருந்தினர். இவர் மூன்று நிலைகளிலும் இருந்திருக்கிறார். இதை நினைவில் வைத்துக்கொண்டால் ‘பாஸ்டன் லீகல்’ பற்றிய பதில் எளிதில் விளங்கும்.

நடிப்பை எங்கே கற்றுக்கொண்டார்?

முதல் பள்ளி அக்கம்பக்கம்தான். நியூயார்க் நகருக்கு வடக்கே ராக்லண்ட் கவுண்டியில் அவருடைய குடும்பம் குடியிருந்த சவுத் மவுண்டன் சாலையில் கலைஞர்கள் நிறையப் பேர் வாழ்ந்தார்கள்: நடிகர் பர்ஜஸ் மெரிடித், பாடகி லோட்டே லென்யா, நாடகாசிரியர் மேக்ஸ்வெல் ஆண்டர்சன், நாடகத் தயாரிப்பாளர் ஜான் ஹவுஸ்மேன். இவர்களில் ஹவுஸ்மேன்தான் பையனுக்கு 16 வயதானபோது தமது நாடகக் குழுவில் பயிற்சியாளராக இடம் கொடுத்தார். பின்னாளில் ஜூலியார்ட் பள்ளியின் நாடகப் பிரிவை ஹவுஸ்மேன் நடத்தியபோது, அங்கே கற்பிக்கவும் இவரை அழைத்துக்கொண்டார்.

முறையான கல்வி பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி தொழில்நுட்பக் கல்லூரியில், இன்றைய கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில். 1962இல் பட்டம் பெற்று, வாஷிங்டனின் அரீனா ஸ்டேஜ் அரங்கில் தொழில்முறை நடிகராகச் சேர்ந்தார்.

‘ரெப்பர்ட்டரி நடிகர்’ என்று அவரைக் குறிப்பிடுகிறார்களே, அது என்ன?

ஒரே நடிகர் குழு பல நாடகங்களை ஒரே காலத்தில் தயாராக வைத்துக்கொண்டு, இன்று ஒன்று நாளை மற்றொன்று என்று மாற்றி மாற்றி நடத்தும் முறைக்குத்தான் ரெப்பர்ட்டரி என்று பெயர். அதில் இருக்கும் நடிகருக்குத் தனக்கென்று ஒரு ‘முகம்’ வைத்துக்கொள்ள நேரமிருக்காது. செவ்வாய்க்கிழமை போலிச் சாமியாராக நடித்தவர் புதன்கிழமை வேலைக்காரனாக நிற்க வேண்டும். வியாழக்கிழமை இரண்டு வரி பேசிவிட்டு ஓரமாய்ப் போக வேண்டும்.

வில்லியம் பால் 1965இல் பிட்ஸ்பர்க்கில் தொடங்கி, பின்பு சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோன அமெரிக்கன் கன்சர்வேட்டரி தியேட்டரின் தொடக்க கால உறுப்பினர்களில் ஓபெர்ஜோன்வா ஒருவர். 1967இல் அக்குழு சான் பிரான்சிஸ்கோவில் கால்வைத்தபோது மோலியேரின் ‘தார்த்யூஃப்’ நாடகத்தில் தலைப்புப் பாத்திரமே அவருடையது. 1968இல் நியூயார்க் லிங்கன் சென்டரில் லீ ஜே. காப் லியர் மன்னராக நடித்த ஷேக்ஸ்பியர் நாடகத்தில் இவர் விதூஷகனாக வந்தார். நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக அரங்குகளான பிராட்வேயில் அதுவே அவருடைய அறிமுகம். ஐந்தாண்டு கழித்து, 1973இல், சென்ட்ரல் பார்க்கின் திறந்தவெளி அரங்கில் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் லியராக நின்றபோது இவர் எட்கர். அதே நாடகத்துக்குள் இரண்டு வேறு கதவுகள் வழியாக நுழைந்திருக்கிறார். இரண்டாவது 1974இல் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. ஆகவே அவருடைய மேடை நடிப்பைப் பார்க்க நமக்குக் கிடைக்கும் அரிய பதிவுகளில் அதுவும் ஒன்று.

டோனி விருது எதற்காக வாங்கினார்? முதன்மை நடிகர் விருதா?

பிராட்வே நாடகங்களுக்கு வழங்கப்படும் டோனியில் அது முதன்மை நடிகர் விருதன்று. இசை நாடகத்தில் சிறப்புத் துணைவேடத்துக்கானது. ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேலின் வாழ்க்கையைத் தழுவி, ஆலன் ஜே லெர்னர் எழுத, ஆந்த்ரே ப்ரெவின் இசையமைத்த ‘கோகோ’ 1969 டிசம்பரில் பிராட்வேயில் அரங்கேறியது. கேத்தரின் ஹெப்பர்ன் தலைப்புப் பாத்திரம் ஏற்றார். ஓபெர்ஜோன்வாவின் வேடம் செபாஸ்டியன் பே என்ற வடிவமைப்பாளர். ஷனேலின் புதிய ஆடைகள் மண்ணைக் கவ்வியபோது, ஆனந்தம் தாங்காமல் அவன் பாடும் ‘ஃபியாஸ்கோ’ என்ற பாடல் இவருக்குரியது. பிறர் வீழ்ச்சியில் குதூகலிக்கும் ஒருவனைப் பார்த்து அரங்கம் கைதட்ட வேண்டுமென்றால், பொறாமையைக்கூட நேர்த்தியாகச் செய்துகாட்டத் தெரிந்திருக்க வேண்டும். 1970இல் விருது அவருக்குக் கிடைத்தது. நாடகத்தையே தோளில் சுமந்த ஹெப்பர்னுக்குப் பரிந்துரையோடு சரி. அவ்வாண்டு முதன்மை நடிகை விருது லாரன் பகாலுக்குப் போனது.

ஒருவர் எந்தப் பிரிவில் வருவார் என்பதை டோனியில் பொதுவாக அவருடைய பெயர் நாடகத்தின் தலைப்புக்கு மேலே அச்சாகியிருக்கிறதா கீழேயா என்பதே தீர்மானிக்கிறது. தேர்வுக் குழு விரும்பினால் மாற்றலாம். வேடத்தின் நீளம் ஓர் அளவுகோல் என்று பலரும் நினைப்பது சரியன்று.

ஒரே ஒரு டோனிதானா? அதற்குப் பிறகு மேடையை விட்டுவிட்டாரா?

விடவில்லை, மேலும் மூன்று முறை பரிந்துரைக்கப்பட்டார். செக்காவின் கதைகளை நீல் சைமன் நாடகமாக்கிய ‘தி குட் டாக்டர்’ 1974இலும், மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின் கதையை இசை நாடகமாக்கிய ‘பிக் ரிவர்’ 1985இலும், ‘சிட்டி ஆஃப் ஏஞ்சல்ஸ்’ 1990இலும் அந்தப் பரிந்துரைகளைப் பெற்றுத் தந்தன.

‘பிக் ரிவர்’ நாடகத்தில் அவர் ‘டியூக்’ என்று சொல்லிக்கொண்டு ஊரை ஏய்க்கும் எத்தன். அவரை வென்று விருதைப் பெற்றவர், அதே நாடகத்தில் ஜிம் வேடமேற்ற ரான் ரிச்சர்ட்சன். ‘சிட்டி ஆஃப் ஏஞ்சல்ஸ்’ நாடகத்தில் இவருக்கு இரட்டை வேடம்: நிஜ உலகில் ஹாலிவுட் இயக்குநர், கதைக்குள் வரும் கதையில் அவருடைய நிழல். 2002இல் ‘டான்ஸ் ஆஃப் தி வாம்பயர்ஸ்’ இசை நாடகத்தில் பேராசிரியராக நடித்தார். அது 56 காட்சிகளோடு மூடப்பட்டது. மேடை வாழ்க்கையில் இதுவும் உண்டு.

‘பென்சன்’ தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே பிராட்வேயில் எப்படி நடித்தார்?

அந்தக் காலத்து அமெரிக்க ஒளிபரப்பு ஆண்டு செப்டம்பரில் தொடங்கி அடுத்த வசந்தத்தோடு முடியும். படப்பிடிப்பும் அதற்கேற்பக் கோடையின் பிற்பகுதியில் தொடங்கி வசந்தத்தின் தொடக்கத்தில் முடிந்துவிடும். இடையில் கிடைக்கும் மாதங்களில் சிலர் திரைப்படம் செய்தார்கள், சிலர் ஓய்வெடுத்தார்கள். ‘பிக் ரிவர்’ பிராட்வேயில் அரங்கேறியது 1985 ஏப்ரல் கடைசியில் என்பதைப் பார்த்தாலே கணக்கு விளங்கிவிடும்.

‘மாஷ்’ தொடரில் பாதிரியாராக வந்தவர் இவர்தானே?

இவர் பாதிரியாராக வந்தது ‘மாஷ்’ திரைப்படத்தில், தொடரில் அல்ல. இந்தக் குழப்பத்தைத்தான் நான் மிகுதியாகச் சந்தித்திருக்கிறேன். கொரியப் போர்க்கால ராணுவ மருத்துவமனையைப் பற்றி ராபர்ட் ஆல்ட்மன் இயக்கி 1970இல் வெளியான படத்தில் அருட்தந்தை மல்கேஹி இவர். 1972இல் தொடராக வந்தபோது முதல் அத்தியாயத்தில் ஜார்ஜ் மார்கனும், அதன் பிறகு இறுதிவரை வில்லியம் கிறிஸ்டஃபரும் அந்த வேடத்தை ஏற்றார்கள். அத்தொடரை உருவாக்கிய லாரி கெல்பார்ட்தான் மேலே சொன்ன ‘சிட்டி ஆஃப் ஏஞ்சல்ஸ்’ நாடகத்தையும் எழுதினார் என்பதால், தொடரில் கைகூடாத சந்திப்பு பிராட்வேயில் நடந்தது என்று சொல்லலாம்.

படத்தில் ஒரு கணம். ஒழுக்கமே இல்லாத இந்த மருத்துவர் ராணுவ மருத்துவத் துறையில் இவ்வளவு பொறுப்பான இடத்துக்கு எப்படித்தான் வந்தாரோ என்று தலைமைச் செவிலி பொங்குகிறார். பக்கத்தில் இருக்கும் பாதிரியார் சற்றும் நக்கல் இல்லாமல், ஒரு தகவலைத் தெரிவிப்பதைப் போல, அவரைக் கட்டாய ஆள்சேர்ப்பில் பிடித்து வந்தார்கள் என்கிறார். படத்தின் புகழ்பெற்ற சிரிப்புகளில் ஒன்று அது. ஒத்திகையின்போது அவ்வரியைத் தாமே சேர்த்ததாக ஓபெர்ஜோன்வா பின்னாளில் கூறியிருக்கிறார்.

ஆல்ட்மன் படங்களில் வேறு என்னென்ன செய்தார்?

‘மாஷ்’ படத்துக்குப் பிறகு ‘ப்ரூஸ்டர் மெக்லவுட்’ (1970), ‘மெக்கேப் அண்டு மிஸஸ் மில்லர்’ (1971), ‘இமேஜஸ்’ (1972) என்று தொடர்ந்து நடித்தார். ‘மெக்கேப்’ படத்தில் சுரங்க ஊரின் மதுக்கடைக்காரர். ‘இமேஜஸ்’ படத்தில் மனம் பேதலிக்கும் பெண்ணின் கணவர்.

நான் பரிந்துரைப்பது ‘ப்ரூஸ்டர் மெக்லவுட்’. அதில் அவர் பறவைகளைப் பற்றி விரிவுரையாற்றும் பேராசிரியர். கதைக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் விரிவுரை நகர நகர அவரே கொஞ்சம் கொஞ்சமாகப் பறவையாகிக்கொண்டிருப்பதை நாம் கவனிக்கிறோம். கழுத்து வெட்டுகிறது, குரல் கீச்சிடுகிறது, பேச்சு கூவலாகிறது. இருபது ஆண்டு கழித்து உருமாறும் வேற்றுக்கோள்வாசி வேடம் அவரைத் தேடி வரப்போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

‘பென்சன்’ முதல் சீசனைப் பார்த்தேன், அவர் வரவே இல்லையே?

சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். 1979இல் தொடர் தொடங்கியபோது ஆளுநரின் உதவியாளர் வேடத்தில் லூயிஸ் ஜே. ஸ்டாட்லன் நடித்த டெய்லர் என்ற பாத்திரம் இருந்தது. இரண்டாம் சீசனில், 1980இல், அந்த இடத்துக்கு ஓபெர்ஜோன்வாவின் கிளேட்டன் எண்டிகாட் வந்தார். பெயருக்குப் பின்னால் ‘மூன்றாமவர்’ என்று வேறு போட்டுக்கொள்வார். பணக்காரக் குடும்பம், படிப்புச் செருக்கு, இல்லாத நோய்களைப் பற்றிய ஓயாத அச்சம். தொடரின் நாயகரான ராபர்ட் கியோமின் பென்சன் நிதானமும் நடைமுறை அறிவும் உள்ளவர் என்பதால், இருவரும் ஒரே அறையில் நின்றாலே போதும், காட்சி பிறந்துவிடும்.

அதில் வரும் சிரிப்பொலி பதிவு செய்து ஒட்டியதுதானே?

அத்தொடர் அரங்கில் உட்கார்ந்த பார்வையாளர் முன்னிலையில், பல கேமராக்களைக் கொண்டு வீடியோவில் பதிவானது. அம்முறையில் நடிகருக்கு ஒரு தனித்த வேலை உண்டு. சிரிப்பு எழும்போது அடுத்த வரியைப் பேசிவிட்டால் அது காதில் விழாது. சிரிப்பு முழுதாக அடங்கும்வரை காத்திருந்தால் வேகம் செத்துவிடும். அலை இறங்கத் தொடங்கும் அந்த நொடியில் பேச வேண்டும். அதுவரை பாத்திரமாகவே ஏதேனும் செய்துகொண்டும் இருக்க வேண்டும். கிளேட்டன் தமது கழுத்துப்பட்டையைச் சரிசெய்வதையும், காயம்பட்ட கௌரவத்தோடு வேறு பக்கம் பார்ப்பதையும் கவனியுங்கள். அந்த இடைவெளிகளை நிரப்பத்தான் அவை பயன்படுகின்றன. இந்தக் கணக்கை யாரும் தொலைக்காட்சியில் கற்றுக்கொண்டு வருவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பின்னர் ஏமாறாதீர்கள்: 1986இல் இந்தத் தொடர், கதையில் வரும் ஆளுநர் தேர்தலின் முடிவு அறிவிக்கப்படும் தறுவாயில் நின்றுவிட்டது. முடிவு என்னவென்று எங்கும் சொல்லப்படவில்லை.

ஓடோ வேடத்தில் முகமே அசையவில்லை. ரப்பருக்குள் இருந்துகொண்டு நடிப்பதில் என்ன பெருமை?

நியாயமான கேள்வி; ஆனால் எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் ஓடோ விண்வெளி நிலையத்தின் பாதுகாப்பு அதிகாரி. இயல்பில் திரவ உயிரி. எந்த வடிவத்தையும் எடுக்கக்கூடியவன். மனித முகத்தை மட்டும் அவனால் திருத்தமாக வார்க்க முடியவில்லை. ஆகவே ஒப்பனைக் கலைஞர் மைக்கேல் வெஸ்ட்மோர் அவனுக்குப் பாதி முடித்த களிமண் சிற்பம் போன்ற, புருவமற்ற, வழுவழுப்பான முகத்தை வடிவமைத்தார். இவ்வகை நுரை ரப்பர் ஒப்பனை ஒருமுறை ஒட்டி உரித்தால் மறுநாளைக்கு உதவாது என்பதால், ஒவ்வொரு படப்பிடிப்பு நாளும் புதிதாக ஒட்டும் வேலையோடுதான் தொடங்கும். 7 சீசன்கள், 176 அத்தியாயங்கள்.

முகத்தின் பெரும்பகுதி பறிபோன நடிகருக்கு மிஞ்சுவது கண்கள், குரல், முதுகெலும்பு. ஓடோ நிற்பதைப் பாருங்கள்: நேராக, கைகளைக் கட்டிக்கொண்டு, தன் உடல் தனக்கே கடன் வாங்கியது என்பதைப் போல. வெறுப்பு, ஏளனம், கூச்சம், சில நேரம் அன்பு ஆகிய நான்கையும் தொண்டையிலிருந்து வரும் ஒரே செருமலில் வெவ்வேறாக ஒலிக்க வைப்பார். கடைசி வரிசையில் இருப்பவருக்கு முகம் தெரியாது என்று வைத்துக்கொண்டு நடிக்கப் பழகியவருக்கு இந்த ஒப்பனை தடையாக இருந்திருக்காது.

ஐயம் தீராவிட்டால் முதல் சீசனில் வரும் ‘தி ஃபார்சேக்கன்’ (1993) அத்தியாயத்தைப் பாருங்கள். ஓடோ 16 மணி நேரத்துக்கு ஒருமுறை திரவநிலைக்குத் திரும்பியாக வேண்டும். மேஜல் பாரெட் நடித்த ஆரவாரமான தூதர் லக்ஸானாவோடு மின்தூக்கியில் சிக்கிக்கொண்ட நிலையில் அந்த நேரம் நெருங்குகிறது. பிறர் பார்க்க உருகுவது அவனுக்குத் தாங்க முடியாத அவமானம். அவனுடைய கூச்சத்தைப் புரிந்துகொண்ட அந்தப் பெண்மணி, யாருக்கும் காட்டாத தமது இயல்பான தலைமுடியை, பொய்முடியைக் கழற்றிக் காட்டுகிறார். பின்னர் தம் உடையை மடியாக விரித்து அவனை அதில் ஏந்திக்கொள்கிறார். உருகும் முகத்தில் வியர்வை போலப் பளபளக்கும் ஒப்பனையும், வெட்கத்தில் உடைந்து இறங்கும் அந்தக் குரலும் சேர்ந்து செய்வதை ரப்பர் மட்டும் செய்துவிடாது.

அந்த வாளி விஷயம் என்ன? ரசிகர்களுக்கு வாளி படம் வரைந்து கொடுத்தாராமே?

ஓடோ ஓய்வெடுக்கும்போது திரவமாகிச் சேர்ந்திருக்கும் கலம்தான் அந்த வாளி. ரசிகர் மாநாடுகளில் ஓபெர்ஜோன்வா ஓடோவின் வாளியைக் கையால் வரைந்து கொடுத்து, அதற்குக் கிடைத்த தொகையை ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்புக்கு அளித்துவந்தார். ஓவியர் ரெனேயின் பேரன் என்பதை முன்பே சொன்னேன். வாளி வரைய அந்தப் பரம்பரை தேவையில்லை என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஓடோவுக்கு முன்பே ‘ஸ்டார் டிரெக்’ படத்தில் நடித்திருக்கிறார் என்கிறார்கள். நான் திரையரங்கில் பார்த்தபோது அவர் இல்லையே?

இருவர் சொல்வதும் சரி. 1991இல் வந்த ஆறாவது ஸ்டார் டிரெக் திரைப்படத்தில் கர்னல் வெஸ்ட் என்ற வேடத்தில் நடித்தார். திரையரங்குப் பதிப்பில் அக்காட்சிகள் வெட்டப்பட்டு, வீடியோவாக வந்தபோதுதான் சேர்க்கப்பட்டன. ஓடோ வேடம் முடிந்த பிறகு, 2002இல் ‘எண்டர்பிரைஸ்’ தொடரின் ஓர் அத்தியாயத்தில் வேறொரு பாத்திரமாகவும் வந்தார்.

அவர் இயக்குநராகவும் இருந்தாரா?

‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் 8 அத்தியாயங்களை இயக்கினார். முதலாவது 1995இல் வந்த ‘ப்ராஃபெட் மோட்டிவ்’. நீண்டநாள் தொடர்களில் நிரந்தர நடிகர்களுக்கு இப்படி வாய்ப்புக் கிடைப்பது உண்டு. அவற்றுள் எனக்குப் பிடித்தது 1998இல் வந்த ‘வால்ட்ஸ்’. கதையின் பெரும்பகுதியில் ஒரு குகை, விண்வெளி நிலையத்தின் தலைவரான காயம்பட்ட சிஸ்கோ, அவரைப் பார்த்துக்கொள்ளும் எதிரி டுக்காட். அந்த எதிரியின் சிதைந்த மனத்திலிருந்து எழும் உருவங்கள். அரங்க அமைப்பை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் ஒரு சிறிய மேடையில் வைத்தால் மறுநாளே நாடகமாகப் போட்டுவிடலாம்.

‘பாஸ்டன் லீகல்’ தொடரில் ஆரம்பத்தில் நிறைய வந்தார், பிறகு காணாமல் போனாரே? சண்டையா?

சண்டை என்று எண்ண ஒரு காரணமும் இல்லை. டேவிட் இ. கெல்லி உருவாக்கிய அத்தொடரில் அவர் பால் லூயிஸ்டன் என்ற மூத்த வழக்கறிஞர். வில்லியம் ஷாட்னர் நடித்த வழக்கறிஞரின் கிறுக்குத்தனங்களுக்கிடையே நிறுவனத்தின் மானத்தைக் காக்க ஓடுபவர். முதலில் நிரந்தர நடிகராக இருந்தவர் பிற்பாடு மேலே சொன்ன இரண்டாவது நிலைக்கு மாறினார். ஆண்டுக்காண்டு நடிகர்கள் மாறிக்கொண்டே இருந்த தொடர் அது. போதைப் பழக்கத்தில் சிக்கிய மகளோடு லூயிஸ்டன் மல்லுக்கட்டும் பகுதியைத் தவிர்த்தால், அவருடைய திறமைக்கு அங்கே கிடைத்த வேலை குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

‘லிட்டில் மெர்மெய்ட்’ படத்தில் பாடியதும் அவரேவா?

ஆம். 1989இல் வந்த டிஸ்னி படத்தில் சமையல்காரர் லூயிக்குப் பேசியதும், மீன்களை வெட்டிக்கொண்டே ‘லே புவாசோன்’ பாடலைப் பாடியதும் அவரே. பிறரைக் கொடுமைப்படுத்தும்போது பொங்கும் கலப்படமற்ற ஆனந்தம் அந்தப் பாடலின் உயிர். ‘ஃபியாஸ்கோ’ பாடியவருக்கு அது புதிதன்று. டக்ளஸ் பிரஸ்டன், லிங்கன் சைல்ட் இருவரும் சேர்ந்து எழுதிய பெண்டர்காஸ்ட் துப்பறியும் நாவல்கள் பலவற்றை ஒலிப்புத்தகங்களாக வாசித்தவரும் இவர்தான்.

இவ்வளவு செய்தும் எம்மி விருது ஏன் கிடைக்கவில்லை?

அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான முதன்மை நேர எம்மி விருதுக்கு 1984இல் ‘பென்சன்’ தொடருக்காகவும், 2001இல் ‘தி பிராக்டிஸ்’ தொடரில் நீதிபதியாக வந்ததற்காகவும் பரிந்துரைக்கப்பட்டார். இரண்டாவது முறை வென்றவர் அதே தொடரில் நடித்த மைக்கேல் எமர்சன். ‘பிக் ரிவர்’ நாடகத்துக்கு நேர்ந்ததே மறுபடியும் நேர்ந்தது. ஓடோவுக்காகப் பரிந்துரைகூட வரவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தல். அறிவியல் புனைவுத் தொடர்களின் ஒப்பனைக்கும் காட்சி நுட்பங்களுக்கும் விருது கொடுக்கத் தயங்காத வாக்காளர்கள், அந்த ஒப்பனைக்குள் இருப்பவரைப் பொதுவாகப் பொருட்படுத்தாத காலம் அது.

கடைசிக் காலத்தில் என்ன செய்தார்? எதையாவது பார்க்கச் சொல்வீர்களா?

இயக்குநர் கெல்லி ரைகார்டின் ‘சர்ட்டன் உமன்’ (2016) படத்தை அவசியம் பார்க்க வேண்டும். மொன்டானா மாநிலத்தில் தனியே வாழும் ஆல்பர்ட் என்ற முதியவராகச் சில நிமிடங்களே வருகிறார். அவருடைய வீட்டருகே பழைய பள்ளிக்கூடத்தின் மணற்கற்கள் குவிந்து கிடக்கின்றன. புதுவீடு கட்டும் தம்பதியர் அவற்றைக் கேட்டு வருகிறார்கள். மனைவி கேட்பதற்கு அவர் கணவனைப் பார்த்துப் பதில் சொல்கிறார். பேச்சு நடுவே எங்கோ அலைகிறது. கொடுக்கச் சம்மதித்தாரா, மறுக்கத் தெரியாமல் விட்டாரா என்பது கடைசிவரை தெளிவாவதில்லை. பிறகு கற்களை ஏற்றும்போது அந்தப் பெண் சன்னலில் நிற்கும் அவரைப் பார்த்துக் கையசைக்கிறார். அவர் பதிலுக்குக் கையசைப்பதில்லை, பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஒப்பனை இல்லை, வசனம் இல்லை.

அதே இயக்குநரின் ‘ஃபர்ஸ்ட் கவ்’ அவர் மறைந்த சில மாதங்களில், 2020இல், பொதுத் திரையீட்டுக்கு வந்தது. நடிகர் பட்டியலில் அவருடைய பாத்திரத்துக்குப் பெயர்கூடக் கிடையாது. ‘அண்டங்காக்கையோடு வரும் ஆள்’ என்று மட்டும் போட்டிருப்பார்கள்.